கோபுரமா, கைப்பேசியா? அளந்து பார்த்தால் தெரியும்!

2020ஆம் ஆண்டு நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலில் இருந்த மாதங்களில், லெம்பா பெர்த்தாமில் எங்கள் லயத்துக்கு மேலே போகும் தோட்டச் சாலையின் ஒரு வளைவுக்குப் புதுப்பெயர் கிடைத்தது: ‘கூகல் மீட் வளைவு’. லயத்துக்குள் கைப்பேசியில் ஒரு கோடுகூட வராது. அந்த வளைவில் நின்றால் இரண்டு கோடுகள் வரும். தேயிலைச் செடிகளின் ஓரமாகப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, குடை பிடித்துக்கொண்டு ஆறேழு பேர் பாடம் கேட்போம். மூடுபனி இறங்கினால் நோட்டுப் புத்தகம் ஈரமாகும். மழை வலுத்தால் அன்றைய வகுப்பு அவ்வளவுதான்.

பிறகு, மேட்டில் தொலைத்தொடர்புக் கோபுரம் ஒன்று வரலாம் என்று பேச்சு அடிபட்டது. எங்களுக்கு மகிழ்ச்சி, பெரியவர்களுக்குக் கலக்கம். கோயில் வாசலில் கூடிப் பேசியபோது, கொழுந்து பறிக்கும் என் அத்தை எழுந்து கேட்டார்: “புள்ளைங்க படிப்புக்கு வேணும்தான். ஆனா அந்த ரேடியேஷன் நாள் முழுக்கத் தலைக்கு மேலயே நிக்குமே, அது எவ்வளவுன்னு யாராவது சொல்லுங்களேன்.”

கோபுரம் வேண்டும் என்றவர்கள், “பயப்படாதீங்க” என்றார்கள். வேண்டாம் என்றவர்கள், வாட்ஸ்அப்பில் வந்த படங்களைக் காட்டினார்கள். ‘எவ்வளவு’ என்ற கேள்விக்கு மட்டும் இரு தரப்பிடமும் விடை இல்லை. பேச்சு அத்தோடு நின்றுவிட்டது. நாங்கள் வளைவுக்கே திரும்பிப் போனோம்.

இன்று பல்கலைக்கழகத்தில் மின்னியல் படிக்கும்போது, அன்று கேட்கப்பட்டவற்றில் அத்தையின் கேள்விதான் சரியான அறிவியல் கேள்வி என்று புரிகிறது. அந்தக் கேள்விக்கு விடை காண உலகின் சில நகரங்கள் கருவிகளோடு தெருத் தெருவாக நடக்கின்றன. அவை கண்டறிந்தது என்ன? மலைத்தோட்டத்தில் இருக்கும் நமக்கு அதில் என்ன பாடம்?

ஒரே சொல், இரண்டு பொருள்

முதல் சிக்கல் சொல்லிலேயே இருக்கிறது. ‘கதிர்வீச்சு’ என்றாலும் ‘ரேடியேஷன்’ என்றாலும் நம் மனத்தில் அணுக்கதிர்தான் தோன்றும். அதற்குக் காரணமும் உண்டு. நமக்கு அருகிலுள்ள பேராக் மாநிலத்தில், புக்கிட் மேராவில் 1980களில் இயங்கிய அரிய மண் தொழிற்சாலையின் தோரியக் கழிவை எதிர்த்து மக்கள் நீதிமன்றம் வரை சென்று போராடினார்கள். 1994இல் அந்த ஆலை மூடப்பட்டது. அந்த நினைவு இருக்கும் ஊரில், ‘ரேடியேஷன்’ என்ற சொல்லைக் கேட்டுப் பயப்படுவது அறியாமை ஆகாது.

ஆனால் தோரியம் வெளிவிடுவதும் கோபுரம் வெளிவிடுவதும் ஒன்றல்ல. தோரியத்தின் கதிர்கள் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெறியும் ஆற்றல் கொண்டவை. மரபணுவை நேரடியாகச் சேதப்படுத்தக்கூடியவை. இவற்றை அயனியாக்கும் கதிர்வீச்சு என்கிறோம். கைப்பேசி அலைகள் ஏறத்தாழ 0.7 முதல் 3.5 ஜிகாஹெர்ட்ஸ் வரையிலான வானொலி அலைகள். இவற்றுக்கு அப்படிப் பிய்க்கும் ஆற்றல் இல்லை. உடலில் இவை ஏற்படுத்துவதாக உறுதியாக அறியப்பட்ட விளைவு சூடேற்றுதல். அதனால்தான் இங்கே ‘இருக்கிறதா, இல்லையா’ என்பதைவிட ‘எவ்வளவு’ என்பதே முக்கியமாகிறது. வெதுவெதுப்பான நீரும் கொதிநீரும் நீர்தான். கை வைக்கும் முன் நாம் சூட்டைத்தானே பார்க்கிறோம்!

புற்றுநோய் பற்றிய கேள்வியை மறைக்க வேண்டியதில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2011 மே மாதம் வானொலி அலைகளை ‘2பி’ என்ற பிரிவில், அதாவது ‘புற்றுநோயை உண்டாக்கும் சாத்தியம் இருக்கலாம்’ என்ற பட்டியலில் சேர்த்தது. வாட்ஸ்அப் செய்திகள் இதோடு நின்றுவிடும். அதே பட்டியலில் முழுக் கற்றாழை இலைச் சாறும், ஆசிய முறையில் ஊறவைத்த காய்கறிகளும் இருப்பதை அவை சொல்வதில்லை. சான்று குறைவாக இருந்து, ஆனால் முற்றாக ஒதுக்கிவிடவும் முடியாதபோது ஒரு பொருளை அந்தப் பிரிவில் வைப்பார்கள். பின்னர், உலகச் சுகாதார நிறுவனத்தின் ஏற்பாட்டில் 63 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2024இல் வெளிவந்த ஆய்வு, கைப்பேசிப் பயன்பாட்டுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணப்படவில்லை என்றது. ஆராய்ச்சி இன்னும் தொடர்கிறது.

வரம்பு எவ்வளவு?

பல நாடுகள் பின்பற்றும் பாதுகாப்பு வரம்பை வகுத்தது ‘இக்னிர்ப்’ என்ற பன்னாட்டு அறிவியல் ஆணையம். சூடேற்றத்தால் பாதிப்பு தொடங்கக்கூடிய அளவை எடுத்து, அதை 50ஆல் வகுத்துப் பொதுமக்களுக்கான வரம்பாக வைத்திருக்கிறார்கள். 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு ஒரு சதுர மீட்டருக்கு 4.5 வாட், 2 ஜிகாஹெர்ட்ஸுக்கு மேல் 10 வாட் என்பது அந்தக் கணக்கு. மலேசியாவில் தொடர்பு, பல்லூடக ஆணையமான எம்.சி.எம்.சி. இதே அளவுகளை ஒட்டித் தொலைத்தொடர்புக் கட்டமைப்புகளுக்கான கட்டாயத் தரநிலையை 2010இல் கொண்டுவந்தது.

இந்தியா இன்னும் கடுமையாக நடந்துகொண்டது. மக்களிடையே எழுந்த அச்சத்தைத் தொடர்ந்து, 2012 செப்டம்பர் 1 முதல் கோபுரங்களுக்கான வரம்பைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. 900 மெகாஹெர்ட்ஸில் 4.5 வாட் என்பது 0.45 வாட் ஆனது. 2017 மே மாதம் ‘தரங் சஞ்சார்’ என்ற இணையத்தளத்தையும் தொடங்கியது. சென்னையிலோ மதுரையிலோ இருப்பவர் தம் வீட்டுக்கு அருகில் உள்ள கோபுரங்களை அதில் தேடிப் பார்க்கலாம். அவை விதிக்கு உட்பட்டவையா என்று அறியலாம். 4,000 ரூபாய் கட்டணம் செலுத்தித் தம் இடத்தில் அளந்து தரும்படி கேட்கவும் வழி வைத்தார்கள்.

வரம்பைக் குறைத்தது சரியா என்று வாதிடலாம். ஆனால் ‘எவ்வளவு’ என்று கேட்கும் குடிமகனுக்கு விடை கிடைக்க ஒரு வாசல் வைத்தார்களே, அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

விளக்கடியில் இருட்டு

சரி, ஒரு பொறியாளரை வரவழைத்து ஒருமுறை அளந்துவிட்டால் போதாதா? போதாது. அலைகளின் போக்கு அப்படி.

கோபுரத்தின் உச்சியில் உள்ள ஆண்டெனா, கலங்கரை விளக்கைப் போல அலையைப் பக்கவாட்டில், சற்றே கீழ்நோக்கி வீசுகிறது. எனவே கோபுரத்தின் காலடியில் புலம் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். விளக்கடியில் இருட்டு என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது இங்கும் பொருந்தும். சற்றுத் தள்ளிப் போனால் கூடும். பிறகு தூரம் இரட்டிப்பானால் ஆற்றல் நான்கில் ஒரு பங்காகும். இடையில் சுவர், தகரக் கூரை, மரம், மலைச்சரிவு எல்லாம் அலையைத் தடுக்கும், திருப்பும், சிதறடிக்கும். பத்து அடி நகர்ந்தாலே அளவு மாறும். நேரமும் மாற்றும்: மாலையில் எல்லாரும் காணொளி பார்க்கும்போது இருக்கும் அளவு, விடியற்காலையில் இருக்காது. 5ஜி ஆண்டெனாக்கள் பயன்படுத்துபவர் இருக்கும் திசை பார்த்து அலையைத் திருப்பக்கூடியவை என்பதால் சிக்கல் இன்னும் கூடுகிறது.

இதற்கு முதல் விடை, நிலையான உணரிகளின் வலையமைப்பு. கிரேக்கத்தில் 2002இல் ‘ஹெர்மிஸ்’ என்ற திட்டத்தைப் பல்கலைக்கழகங்கள் தொடங்கின. பள்ளிக் கூரை, மருத்துவமனைக் கூரை போன்ற இடங்களில் கருவிகளை வைத்து, இரவும் பகலும் அளந்து, முடிவுகளை இணையத்தில் வெளியிட்டார்கள். பின்னர் அந்த நாடு சுமார் 500 நிலையான கருவிகளைக் கொண்ட தேசியக் கண்காணிப்பு அமைப்பையே உருவாக்கியது. அதில் வாகனங்களில் பொருத்தப்பட்ட கருவிகளும் சில உண்டு.

நிலையான கருவி ‘எப்போது எவ்வளவு’ என்று சொல்லும். ‘எங்கே எவ்வளவு’ என்று சொல்லாது. அதற்குக் கருவி நகர வேண்டும். பேருந்து, வாடகைக் கார், மிதிவண்டி, ஆய்வாளரின் முதுகுப் பை என எதில் வேண்டுமானாலும் அது பயணம் செய்யலாம். மூன்று திசைகளிலும் அலையை வாங்கும் ஆண்டெனா, எந்த அலைவரிசையில் எவ்வளவு என்று பிரிக்கும் சுற்று, ஜிபிஎஸ், கடிகாரம் ஆகியவை சேர்ந்தால் அதுவே நகரும் உணரி. சில விநாடிகளுக்கு ஒருமுறை அளந்து, இடத்தோடும் நேரத்தோடும் பதிந்து, மையக் கணினிக்கு அனுப்பும். பல கருவிகள் பல நாள் ஓடினால் நகரத்தின் வரைபடம் ஒன்று தானே உருவாகும். சுவிட்சர்லாந்தின் ஜூரிக் நகரில் டிராம் வண்டிகளின் மேல் உணரிகளைப் பொருத்திக் காற்று மாசை இப்படி அளந்திருக்கிறார்கள். மின்காந்தப் புலத்துக்கும் அதே உத்திதான்.

கேட்க எளிதாக இருந்தாலும் இதில் பொறிகள் உண்டு. காரின் உள்ளே வைத்தால் இரும்புக் கூடு அலையைத் தடுக்கும். கூரைமேல் வைத்தால் அதே இரும்பு அலையைத் திருப்பி அளவை மாற்றும். ஒருவர் சுமந்து சென்றால் அவர் உடலே ஒரு பக்கத்து அலையை உறிஞ்சிவிடும். இன்னொன்று, அளப்பவரின் சட்டைப் பையில் இருக்கும் சொந்தக் கைப்பேசி! அது உயிரோடு இருந்தால், கருவி கோபுரத்தை அளக்கிறதா அந்தக் கைப்பேசியை அளக்கிறதா என்றே குழப்பம் வரும். அதனால் ஆய்வாளர்கள் முதலில் தங்கள் கைப்பேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றிவிடுவார்கள்.

நடந்து பார்த்ததில் தெரிந்தது

2018இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் சுவிட்சர்லாந்து, எத்தியோப்பியா, நேப்பாளம், தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் இப்படிக் கருவி சுமந்து அளந்தார்கள். திறந்தவெளி இடங்கள் மட்டும் 94. அவற்றின் சராசரி, சுவிட்சர்லாந்தின் ஒரு குடியிருப்புப் பகுதியில் மீட்டருக்கு 0.23 வோல்ட்டாகவும், ஆஸ்திரேலியாவின் ஒரு பல்கலைக்கழக வட்டாரத்தில் 1.85 வோல்ட்டாகவும் இருந்தது. நேப்பாள நகரத்து ஆட்டோவில்கூட ஏறிப் பார்த்தார்கள்: 0.86 வோல்ட்.

இந்த எண்களை எப்படிப் புரிந்துகொள்வது? ஆறாம் படிவ மாணவர்கள் தாளை எடுத்துக்கொள்ளலாம். புலத்தின் வோல்ட் அளவை வர்க்கப்படுத்தி 377ஆல் வகுத்தால் சதுர மீட்டருக்கு இத்தனை வாட் என்று கிடைக்கும். 1.85ஐ அப்படிச் செய்தால் சுமார் 0.009 வாட். 2 ஜிகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட 10 வாட் வரம்போடு ஒப்பிட்டால், அது ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. இந்தியா குறைத்து வைத்த வரம்போடு ஒப்பிட்டாலும் நூறில் ஒரு பங்கை எட்டவில்லை.

அத்தையின் கேள்விக்கு இதுவே முழு விடை என்று நான் சொல்ல மாட்டேன். இவை வேறு ஊர்களின் எண்கள். ஆனால் ‘எவ்வளவு’ என்று கேட்டால் எண்ணில் விடை சொல்ல முடியும் என்பதற்கு இவை சான்று.

கத்திப் பேசும் கைப்பேசி

இப்போது மலைக்கு வருவோம். நகரங்களைப் பற்றிய ஆய்வில் எங்களைப் போன்ற தோட்டத்துப் பிள்ளைகளுக்கான செய்தி வேறொரு இடத்தில் இருக்கிறது.

கோபுரம் மட்டுமா அலை வீசுகிறது? நம் கையில் இருப்பதும் வீசுகிறது. கோபுரம் நூற்றுக்கணக்கான மீட்டர் தள்ளி இருக்கிறது. கைப்பேசி காதோடு ஒட்டி இருக்கிறது. கைப்பேசியைக் காதில் வைத்துப் பேசும் ஒருவரின் தலை வாங்கும் அலையாற்றலில் பெரும்பகுதி அவருடைய சொந்தக் கைப்பேசியிலிருந்தே வருகிறது.

அந்தக் கைப்பேசி எப்போதும் ஒரே அளவில் வீசுவதில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் மெதுவாகப் பேசுகிறோம். அடுத்த மலைச்சரிவில் கொழுந்து பறிப்பவரை அழைக்கக் குரலை உயர்த்துகிறோம். கைப்பேசியும் அப்படித்தான். கோபுரம் அருகில் இருந்தால் முணுமுணுக்கும். தொலைவில் இருந்தால், இடையில் மலை இருந்தால், கத்தும். சுவீடனில் 2004இல் வெளியான ஓர் ஆய்வு இதை அளந்து காட்டியது. கோபுரங்கள் அரிதாக இருந்த நாட்டுப்புறத்தில் கைப்பேசிகள் சுமார் பாதி நேரம் தங்கள் உச்ச ஆற்றலில் இயங்கின. நகரத்தில் கால்வாசி நேரமே அப்படி இயங்கின. அது 2ஜி காலம். இன்றைய 4ஜி கைப்பேசி தன் ஆற்றலை இன்னும் நுணுக்கமாகக் கூட்டிக் குறைக்கக்கூடியது. அதன் உச்சம் சுமார் 0.2 வாட்.

சென்ற விடுமுறையில் இதைச் சோதிக்க என் கைப்பேசியோடு பழைய வளைவுக்கு நடந்தேன். ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அமைப்புகளில், சிம் நிலை என்ற பகுதியில், சிக்னல் வலிமை ‘டிபிஎம்’ என்ற அலகில் இருக்கும். அது எதிர்ம எண்; பூஜ்யத்தை நெருங்க நெருங்க சிக்னல் வலுவானது. வளைவில் -85ஐ ஒட்டி இருந்தது. லயத்துக்குள் வந்ததும் -115ஐ ஒட்டி இறங்கியது. வேறுபாடு 30. இது மடக்கை அளவுகோல். ஒவ்வொரு 10க்கும் பத்து மடங்கு. ஆக, 30 என்றால் ஆயிரம் மடங்கு. லயத்துக்குள்ளிருந்து கோபுரத்துக்கு அதே தெளிவில் கேட்க வேண்டுமானால், என் கைப்பேசி வளைவில் இருப்பதைவிட ஆயிரம் மடங்கு வலுவாக அனுப்ப வேண்டும். உச்ச வரம்பை எட்டியதும் அதற்கு மேல் முடியாது, அழைப்பு அறுந்துவிடும்.

அதாவது, கோபுரம் வந்தால் தலைக்கு மேல் அலை கூடும் என்று நாங்கள் பயந்துகொண்டிருந்தபோது, கோபுரம் இல்லாததால் காதோரத்தில் கைப்பேசி கத்திக்கொண்டிருந்தது. அதை யாரும் அளக்கவில்லை.

ஓர் எச்சரிக்கை: டிபிஎம் எண் சிக்னலை மட்டுமே காட்டும். உடல் வாங்கும் மொத்த அளவை அதை வைத்துச் சொல்ல முடியாது. ‘கதிர்வீச்சு கண்டுபிடிப்பான்’ என்று வரும் செயலிகளையும் நம்ப வேண்டாம். அவற்றில் பல, திசைகாட்டிக்காகக் கைப்பேசியில் இருக்கும் காந்த உணரியைத்தான் படிக்கின்றன. இரும்பு அலமாரி அருகே கொண்டு போனாலும் அலறும்!

நம் பள்ளத்தாக்குக்கு ஏன் இது வேண்டும்?

லெம்பா பெர்த்தாம் மக்கள் எளிதில் யாரையும் நம்பிவிடுவதில்லை. 2013 அக்டோபர் 23ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின், சுல்தான் அபு பாக்கார் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் இந்தப் பள்ளத்தாக்கில் புகுந்து உயிர்களைப் பறித்தது. அந்த இரவுக்குப் பிறகு, “ஒன்றும் ஆகாது” என்று வெறும் வாயால் சொன்னால் இங்கே யாருக்கும் போதாது. அதே இரவு இன்னொன்றையும் சொல்கிறது. வெள்ளமோ மண்சரிவோ வரும்போது, ஓர் அழைப்பும் ஓர் எச்சரிக்கைக் குறுஞ்செய்தியும் வீட்டுக்குள் வந்து சேர வேண்டும். சிக்னல் இங்கே வசதிக்காக மட்டும் கேட்கப்படுவதன்று.

ஆகவே, கோபுரமும் வேண்டும், அளவும் வேண்டும். கோபுரம் வருவதற்கு முன்பும் பின்பும் பள்ளி, கோயில், லயம், குழந்தைகள் காப்பகம் ஆகிய இடங்களில் அளந்து, அந்த எண்ணைத் தமிழிலும் மலாயிலும் அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் பாதிப் பயம் அன்றே தீரும். மீதிப் பயத்துக்குப் பதில் சொல்ல, தொடர்ந்து அளக்க வேண்டும். அதற்கு நம்மிடம் வாகனமும் இருக்கிறது. நகரத்துக்கு டிராம் என்றால் எங்களுக்குக் கொழுந்து லோரி. பறித்த கொழுந்தை ஏற்ற ஒவ்வொரு மலைக்கும் போய், தொழிற்சாலைக்குத் திரும்புகிறது. தரப்படுத்திய உணரி ஒன்றை அதன் மேல் கட்டிவிட்டால், சில வாரங்களில் தோட்டத்தின் வரைபடம் தயாராகிவிடும்.

மாணவர்களே, இதற்குக் காத்திருக்காமல் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். வீட்டுக்குள், வாசலில், பள்ளி நிறுத்தத்தில், மேட்டில் எனப் பத்து இடங்களைத் தேர்ந்தெடுங்கள். காலை, மாலை இருவேளை டிபிஎம் அளவைக் குறியுங்கள். ஒரு வாரத்தில் உங்கள் ஊரில் சிக்னல் எங்கே செத்துக் கிடக்கிறது என்று உங்களால் வரைந்து காட்ட முடியும். அறிவியல் மன்றத்துக்கு நல்ல திட்டம். கோபுரம் கேட்டு எழுதும் மனுவுக்கும் நல்ல இணைப்பு. சிக்னல் மங்கிய இடத்தில் நீண்ட நேரம் பேச நேர்ந்தால் காதுபேசியையோ ஒலிபெருக்கியையோ பயன்படுத்துங்கள். தூரம் கூடினால் அளவு விரைவாகக் குறையும் என்று மேலே பார்த்தோமே, அந்தக் கணக்கு இங்கும் உதவும்.

வளைவிலிருந்து இறங்கி வந்ததும் அந்த இரண்டு எண்களையும் அத்தையிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நோட்டைப் பார்த்தார். ஆயிரம் மடங்கு கணக்கை இருமுறை விளக்கச் சொன்னார். பிறகு சொன்னார்: “அப்ப கோபுரம் வரட்டும். ஆனா வந்தப்புறமும் நீ வந்து அளக்கணும்.”

கொழுந்து நிறுக்கும்போது தராசு முள்ளைத் தன் கண்ணால் பார்க்காமல் நகராத தோட்டத்துப் பெண் வேறு எப்படிச் சொல்வார்?